கொடுத்தாலும் குறையாத புதையல்

1986ஆம் ஆண்டு. ஜப்பானியப் பிள்ளைகள் பலரின் வீட்டில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பேடும் பென்சிலும் இருந்தன. அவை வீட்டுப்பாடத்திற்காக வைக்கப்பட்டவை அல்ல. ‘டிராகன் குவெஸ்ட்’ என்னும் விளையாட்டிற்காக வைக்கப்பட்டவை.

அவ்வாண்டு மே மாதம் 27ஆம் நாள் எனிக்ஸ் நிறுவனம் அந்த விளையாட்டை வெளியிட்டது. நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியில் அதை ஆடலாம். அதை வடிவமைத்தவர் யூஜி ஹொரியி. அரக்கர்களையும் வீரர்களையும் வரைந்தவர் அகிரா தொரியாமா. இசை அமைத்தவர் கொய்ச்சி சுகியாமா. ஆட்டக்காரர் ஒரு வீரனாக மாறி, ஊர் ஊராக நடந்து, மக்களிடம் பேசி, அரக்கர்களோடு போரிட்டு, நாட்டைக் காப்பாற்ற வேண்டும். இத்தகைய விளையாட்டைப் ‘பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு’ என்பர்.

அக்காலத்து ஜப்பானியச் சிறுவர்களுக்கு இவ்வகை விளையாட்டு புதியது. ஓடுவது, தாவுவது, சுடுவது ஆகியவையே அவர்கள் அறிந்தவை. இதை உணர்ந்த ஹொரியி ஓர் எளிய வழியைக் கையாண்டார். ஆட்டம் தொடங்கும்போது வீரன் அரசரின் அறையில் நிற்கிறான். கதவு பூட்டியிருக்கிறது. அரசரிடம் பேச வேண்டும். பெட்டியைத் திறக்க வேண்டும். அதிலுள்ள சாவியை எடுத்துக் கதவைத் திறக்க வேண்டும். அறையைவிட்டு வெளியே வருவதற்குள் பேசுதல், எடுத்தல், பயன்படுத்துதல் ஆகியவற்றை ஆட்டக்காரர் தாமாகவே கற்றுக்கொண்டிருப்பார். யாரும் நீண்ட விளக்கம் கொடுக்கவில்லை. செய்து பார்த்தே கற்றார்கள்.

அப்படியென்றால் குறிப்பேடு எதற்கு?

அந்த விளையாட்டு அடங்கியிருந்த அட்டையின் நினைவகம் 64 கிலோபைட் மட்டுமே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்திற்குக்கூட அது போதாது. எழுத்துகளைக்கூட எண்ணி எண்ணித்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. கத்தகானா எழுத்துகள் அனைத்திற்கும் இடம் இல்லாததால், கையில் இருந்த சில எழுத்துகளைக் கொண்டே அரக்கர்களுக்கும் ஊர்களுக்கும் பெயர் சூட்டினார்கள். ஆடியவரின் முன்னேற்றத்தை அட்டையில் சேமித்து வைக்கவும் வழியில்லை. அதனால், ஆட்டத்தை நிறுத்த விரும்புபவருக்கு அரசர் ஒரு மந்திரம் சொல்வார். அது 20 ஹிரகானா எழுத்துகளால் ஆனது. மறுநாள் அதே மந்திரத்தைப் பிழையின்றி உள்ளிட்டால் ஆட்டம் தொடரும்.

ஓர் எழுத்து மாறினாலும் மந்திரம் பலிக்காது. ஹிரகானாவில் ‘நு’, ‘மெ’ என்னும் எழுத்துகள் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும். ‘நெ’, ‘ரெ’, ‘வா’ என்பனவும் அப்படியே. சில எழுத்துகளின் மேல் இரண்டு சிறு கோடுகள் இட்டால் ஒலி மாறிவிடும். தமிழில் ‘ர’கரத்தையும் துணைக்காலையும் அவசரத்தில் ஒன்றுபோல் எழுதிவிட்டுப் பின்னர் குழம்புகிறோம் அல்லவா? அதே சிக்கல்தான் அங்கும். அக்காலத்துத் தொலைக்காட்சித் திரை சற்றுத் தெளிவற்றது. அம்மா சாப்பிடக் கூப்பிடும் அவசரத்தில் ஒரு பிள்ளை கிறுக்கி வைத்த எழுத்து, மறுநாள் அவனுக்கே புரியாமல் போகும். பல மணி நேர உழைப்பு ஓர் எழுத்துப் பிழையால் மறைந்துவிடும்.

இங்கேதான் நண்பர்கள் துணைக்கு வந்தார்கள். “இது ‘நு’வாக இருக்காது, ‘மெ’ போட்டுப் பார்” என்று குறிப்பேட்டை வாங்கிப் பார்த்து ஒருவர் சொல்வார். “இரண்டு முறை எழுது, பிறகு திரையோடு ஒப்பிட்டுப் பார்” என்று அனுபவப்பட்ட இன்னொருவர் அறிவுரை கூறுவார். தனியே ஆடும் விளையாட்டுதான். ஆனால், தனியாக இருந்து முடிக்கக்கூடிய விளையாட்டாக அது இல்லை.

அந்த விளையாட்டின் உள்ளேயும் உதவிக் குறிப்புகள் ஒளிந்திருந்தன. ஊரில் நிற்கும் கிழவர், கடைக்காரர், காவலர் என ஒவ்வொருவரும் ஒரு சிறு செய்தி சொல்வர். புகழ்பெற்ற குறிப்பு ஒன்று இது: லதாதோம் கோட்டையிலிருந்து தெற்கே 70 அடியும் கிழக்கே 40 அடியும் தள்ளி ஒரு பொருள் புதைந்திருக்கிறது. அந்த இடம் ஒரு சதுப்பு நிலம். பார்வைக்கு அங்கே எதுவும் தெரியாது. குறிப்பைக் கேட்காதவர் அந்த வழியாக நூறு முறை நடந்தாலும் அதைக் கண்டெடுப்பது அரிது. கேட்டவரோ அடிகளை எண்ணி எண்ணி நடப்பார். ஊராரின் பேச்சைப் பொறுமையாகக் கேட்பவருக்கே வழி திறக்கும் என்பதை அந்த விளையாட்டு சொல்லாமல் சொன்னது.

பள்ளி இடைவேளையில் இத்தகைய குறிப்புகள் கைமாறின. ஆயினும், அப்போதே ஒரு கேள்வியும் எழுந்தது. நண்பனுக்கு எவ்வளவு சொல்லலாம்?

ஒருவன் மூன்று நாளாக ஒரு குகையில் சிக்கித் தவிக்கிறான். அவனிடம், “வலப்பக்கம் திரும்பி, மூன்றாவது படியில் இறங்கி, இடக்கோடியில் உள்ள பெட்டியைத் திற” என்று சொல்லிவிட்டால் அவனுடைய வேலை முடிந்துவிடும். ஆனால், தானே கண்டுபிடிக்கும் மகிழ்ச்சி அவனுக்குக் கிடைக்காது. “அந்த ஊர்க் கிழவரிடம் இன்னொரு முறை பேசிப் பார்” என்றால், வழியையும் காட்டியதாகும். மகிழ்ச்சியையும் அவனுக்கே விட்டுவைத்ததாகும். கதையின் முடிவை முன்கூட்டியே போட்டு உடைப்பதை ஜப்பானியர் ‘நெத்தபரெ’ என்று அழைக்கின்றனர். கேட்காதவரிடம் முடிவைச் சொல்வது உதவியாகாது. கேட்பவருக்கும் அவர் கேட்ட அளவே சொல்வதுதான் பண்பு. கணிதத்தில் விடையைக் காட்டும் நண்பனுக்கும் வழிமுறையைக் காட்டும் நண்பனுக்கும் உள்ள வேறுபாடும் இதுதானே?

1987ஆம் ஆண்டு ஜனவரியில் இரண்டாம் பாகம் வந்தது. கதை பெரிதானதால் மந்திரமும் நீண்டது. சில வேளைகளில் அது 52 எழுத்துகள் வரை சென்றது. குறிப்பேடுகள் நிரம்பின, பிழைகளும் பெருகின. ஆனால், ஆட்டக்காரர்களிடையே ஒரு வியப்பான மந்திரமும் பரவியது. அதில் யூஜி ஹொரியி, அகிரா தொரியாமா ஆகியோரின் பெயர்களே எழுத்துகளாக வரும். அதை உள்ளிட்டால் வலிமைமிக்க வீரர்களோடு ஆட்டம் தொடங்கும். பெயர்களாக இருந்ததால் அதை மனனம் செய்வது எளிது. அந்த மந்திரத்தை, இன்று நடுவயதைக் கடந்த ஜப்பானியர் சிலர் இன்னும் மறக்கவில்லை.

மூன்றாம் பாகம் 1988ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் வெளிவந்தது. அட்டைக்குள் சிறு மின்கலம் பொருத்தப்பட்டதால் இனி மந்திரம் எழுதத் தேவையில்லை. ஆனால், அந்த நாள் ஒரு புதன்கிழமை, பள்ளி நாள். கடைகளின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. பள்ளிக்குப் போகாமல் வரிசையில் நின்ற மாணவர்களும் அவற்றில் இருந்தனர். காவலர்களிடம் பிடிபட்டு அறிவுரை கேட்டவர்களும் உண்டு. ஆர்வம் அளவு கடந்தால் கடமை பின்னுக்குத் தள்ளப்படும் என்பதற்கு அந்த நாள் ஒரு சான்றாகிவிட்டது. நான்காம் பாகம் 1990ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையில் வெளிவந்தது.

ஆண்டுகள் உருண்டோடின. 2009ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் ஒன்பதாம் பாகம் வெளிவந்தது. இதைக் கையடக்கமான நிண்டெண்டோ டிஎஸ் கருவியில் ஆடலாம். ஜப்பானில் மட்டும் 40 இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாயின. இம்முறை, பகிர்தல் என்பது விளையாட்டின் உள்ளேயே ஒரு பகுதியாக அமைக்கப்பட்டது.

அதன் பெயர் ‘சுரெச்சிகாய்’. ஒருவரையொருவர் கடந்து செல்லுதல் என்பது அதன் பொருள். கருவியை அந்நிலையில் வைத்து, மூடிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் போதும். அதே விளையாட்டை வைத்திருக்கும் இன்னொருவர் அருகில் கடந்து செல்லும்போது இரு கருவிகளும் கம்பியில்லாத் தொடர்பு மூலம் தாமாகவே செய்தியைப் பரிமாறிக்கொள்ளும். முன்பின் அறியாத அந்த மனிதர், விளையாட்டில் உள்ள விடுதிக்கு விருந்தினராக வந்து சேர்வார். விருந்தினர் பெருகப் பெருக விடுதியும் வளரும். வரும் விருந்தினர் ஒரு புதையல் வரைபடத்தையும் கொண்டுவரலாம்.

எண்ணற்ற வரைபடங்கள் இருந்தன. அவற்றுள் ஓர் ஆட்டக்காரர் கண்டெடுத்த வரைபடம் எல்லாரையும் ஈர்த்தது. அந்த வரைபடம் காட்டும் நிலவறையின் 15ஆம் தளத்தில் ‘மெட்டல் கிங்’ என்னும் உலோக அரக்கன் மட்டுமே தோன்றுவான். பொதுவாக அவனைக் காண்பதே அரிது; கண்டாலும் நொடியில் ஓடி மறைவான். வீழ்த்திவிட்டாலோ மிக அதிகமான அனுபவப் புள்ளிகள் கிடைக்கும். வாரக்கணக்கில் பெற வேண்டிய வளர்ச்சியை அந்தத் தளத்தில் சில மணி நேரத்திலேயே பெறலாம்.

கண்டெடுத்தவர் அதைத் தமக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கலாம். ஆனால், அவர் அதைப் பகிர்ந்தார். பெற்றவர்கள் மற்றவர்களுக்குப் பகிர்ந்தார்கள். தோக்கியோவின் அகிஹபாரா பகுதி, மின்னியல் கடைகளுக்குப் பெயர்போனது. அங்கே ஆட்டக்காரர்கள் கருவிகளோடு கூடி நின்றார்கள். மாணவர்கள், அலுவலகம் முடிந்து வந்தவர்கள், பிள்ளைகளுக்காக வந்த பெற்றோர் எனப் பலரும் அக்கூட்டத்தில் இருந்தனர். ஆகஸ்டு மாதத்தில் ஒபோன் விடுமுறைக்குச் சொந்த ஊர் திரும்புவது ஜப்பானியரின் வழக்கம். ஆள் நடமாட்டம் குறைந்த சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு, நகரத்திலிருந்து வரும் உறவினரின் பைதான் புதையல் வரும் வழி. இரயிலில் மக்கள் பயணம் செய்தபோது அவர்களோடு வரைபடமும் பயணம் செய்தது.

அந்த வரைபடத்திற்கு இரண்டு சிறப்புகள் உண்டு. முதலாவது, அதை எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் கொடுத்தவரிடமும் அது இருக்கும். கிணற்று நீர் இறைக்க இறைக்க ஊறுவதுபோல், கொடுத்தவரிடம் எதுவும் குறையவில்லை. இரண்டாவது, எத்தனை கைகள் மாறினாலும் முதலில் கண்டெடுத்தவரின் பெயர் வரைபடத்திலேயே பதிந்திருக்கும். அதனால், ஆட்டக்காரர்கள் அந்த வரைபடத்தை அவருடைய பெயராலேயே அழைத்தார்கள். பிறருடைய உழைப்பைப் பயன்படுத்தும்போது அவருடைய பெயரை மறைக்காமல் சொல்வது நேர்மை. அந்த நேர்மையை விளையாட்டின் அமைப்பே காத்தது.

எனினும், நல்லதோடு அல்லதும் கலந்தது. சிலர் தரவுகளை முறைகேடாக மாற்றிப் போலி வரைபடங்களை உருவாக்கிப் பரப்பினார்கள். பெயர் தெரியாத ஒருவரிடமிருந்து வரும் வரைபடத்தை நம்பலாமா என்ற ஐயம் எழுந்தது. பகிர்தலுக்கு அடிப்படை நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கெடுப்பவர் ஒருவரை மட்டும் ஏமாற்றுவதில்லை. கொடுக்க நினைக்கும் அனைவரின் கைகளையும் தயங்க வைக்கிறார்.

ஆனாலும் பகிர்தல் நிற்கவில்லை. ஒன்பதாம் பாகத்தின் ‘கடந்து செல்லும்’ பரிமாற்றங்கள் 10 கோடியைத் தாண்டி, கின்னஸ் உலகச் சாதனைப் பதிவில் இடம்பெற்றன.

இன்று ஒரு விளையாட்டின் வழிகளையெல்லாம் நொடியில் தேடிக் காணலாம். பென்சிலும் குறிப்பேடும் தேவையில்லை; தெருவில் யாரையும் கடந்து செல்லவும் தேவையில்லை. ஆனால், நண்பனின் குறிப்பேட்டை வாங்கி, “இது ‘மெ’வாக இருக்கும்” என்று சொன்ன சிறுவன் கற்றுக்கொண்டது விளையாட்டை மட்டும் அன்று. பிறர் எங்கே தடுமாறுகிறார் என்பதைப் பார்க்கவும், எவ்வளவு உதவினால் அவர் தாமாக எழுவார் என்பதை எண்ணவும் அவன் கற்றுக்கொண்டான். அந்த அறிவும் ஒரு புதையல்தான். கொடுத்தாலும் அது குறைவதில்லை.

அருஞ்சொற்பொருள்

பலிக்காது – பயன் தராது
சதுப்பு நிலம் – நீர் தேங்கிச் சேறாக இருக்கும் நிலம்
மனனம் – நினைவில் பதிய வைத்தல்
நிலவறை – நிலத்தின் அடியில் அமைந்த அறை
ஐயம் – சந்தேகம்

கருத்துணர் கேள்விகள்

1. ஆட்டத்தின் தொடக்கத்தில் வீரனைப் பூட்டிய அறையில் நிறுத்தியதன் நோக்கம் என்ன?
2. முதலாம் பாகத்தை ஆடியவர்கள் குறிப்பேட்டை ஏன் பயன்படுத்தினார்கள்?
3. விடையைச் சொல்வதற்கும் குறிப்பைச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பகுதியிலுள்ள எடுத்துக்காட்டின் துணையோடு விளக்குக.
4. புதையல் வரைபடத்தின் இரண்டு சிறப்புகளை எழுதுக.
5. ‘பகிர்தலுக்கு அடிப்படை நம்பிக்கை.’ இக்கூற்றை உமது பள்ளி வாழ்க்கையில் நிகழ்ந்த ஒரு நிகழ்வோடு தொடர்புபடுத்தி ஒரு பத்தியில் எழுதுக.