காசுக்குப் புளி போடாதீர்கள்

நசரத்பேட்டையில் என் வீட்டுத் திண்ணைக்கு ஞாயிறுதோறும் காசு டப்பாவோடு வரும் பிள்ளைகளுக்கு, வாயால் சொன்னதையே எழுதித் தருகிறேன்.

1. புளி, விபூதி, எலுமிச்சை, பற்பசை எதுவும் காசின் மேல் படக்கூடாது. பன்னிரண்டு வயதில் எனக்கு 1835-ஆம் வருடத்துக் கம்பெனிக் காலணா ஒன்று கிடைத்தது. குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்தேன். கரும்பழுப்பு போய் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. தெருவெல்லாம் காட்டினேன். ஆறே மாதத்தில் திட்டுத்திட்டாகக் கறுத்துவிட்டது. செம்பில் பல காலமாகப் படிந்த நிறம்தான் அதன் தோல். உரித்தால் திரும்ப வராது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.

2. விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். கைவியர்வை உலோகத்தை அரிக்கும்.

3. ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். மேடான இடம்தான் முதலில் தேயும்: காது, மீசை, கிரீடத்தின் கல்வரிசை, அங்கியில் உள்ள குட்டி யானை. 1911-இல் அந்த யானை பன்றிபோல் இருக்கிறதென்று எதிர்ப்புக் கிளம்பி, மறு வருடமே திருத்தினார்கள். மேடுகளில் லேசான தேய்மானம் மட்டும் என்றால் ‘எக்ஸ்எஃப்’ தரம். தேய்ந்தும் முக்கிய நுணுக்கங்கள் நின்றால் ‘விஎஃப்’. புழங்கவே இல்லாத காசு ‘யூஎன்சி’. திருப்பினால் அதன் மினுமினுப்பு சக்கரம்போல் சுழலும். துலக்கிய பளபளப்பு சுழலாது. லென்ஸ் வைத்தால் மெல்லிய கோடுகள் காட்டிக்கொடுக்கும்.

4. தேய்மானம் வேறு, சேதம் வேறு. மாலையில் கோத்த ரூபாயில் கொக்கி பற்றவைத்த தழும்பு இருக்கும். ஓட்டையை அடைத்த வெள்ளி நிறம் மாறித் தெரியும். எத்தனை தெளிவான முகமாக இருந்தாலும் தரம் இறங்கும். ஆனால் 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா, போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டில் ஓட்டையோடே பிறந்தது. அதைச் சேதம் என்று சொல்லாதீர்கள். ராஜராஜன் செப்புக்காசு கையால் அடித்தது; உருவம் ஒதுங்கி விழுந்திருந்தால் அதுவும் தேய்மானமில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் நிதானமாகப் பாருங்கள், கண் பழகும்.

5. 1939 வரையிலான வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. காந்தத்தில் ஒட்டினால் வாங்காதீர்கள். 1947-இன் நிக்கல் ரூபாய் ஒட்டும், அது சரி.

6. வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த காசுக்குப் பத்து லட்சம் தருகிறோம் என்று போனில் வந்தால் நம்பாதீர்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய காசுக்கு வரி, கமிஷன் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

7. பிவிசி உறை வேண்டாம். ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பிசுபிசுவென்று பச்சையாகக் கசியும். மைலார் உறை வாங்குங்கள். உறையின் மேல் வருடம், எடை, வாங்கிய விலை, அதோடு சேதத்தையும் எழுதுங்கள்: ‘மேலே கொக்கித் தழும்பு’ என்று. பிறகு மாற்றிக்கொள்ள வருகிறவரிடம் அதை முதலில் காட்டுங்கள்.

அடுத்த ஞாயிறு ஆளுக்கொரு லென்ஸ் கொண்டு வாருங்கள். பத்து மடங்கு போதும்.