தம்பி, தங்கைக்கு காலேஜ் பார்க்கப் போறீங்களா? இந்தக் கணக்கைப் போட்டுட்டுப் போங்க



ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சுன்னா நம்ம வீடுகளில் ஒரு டூர் ஆரம்பிக்கும். ஒரு வாடகை கார், அப்பா, அம்மா, பரீட்சை எழுதின பிள்ளை, கூடவே "நீதான் வெளியுலகம் தெரிஞ்சவன்" என்று சொல்லி லீவு போட வைத்துக் கூட்டிக்கொண்டு போகும் நீங்கள். ஒரே நாளில் மூன்று இன்ஜினியரிங் காலேஜ். சாயங்காலம் வீடு திரும்பும்போது முடிவே எடுத்திருப்பாங்க. அந்த முடிவின் பாதிச் செலவு அடுத்த நாலைந்து வருஷத்துக்கு உங்கள் சம்பளக் கணக்கிலிருந்துதான் போகும்.

எனக்கும் இது நடந்தது. அதைச் சொல்லிட்டு கணக்குக்கு வர்றேன்.

எங்க வீட்டு டூர்

சில வருஷங்களுக்கு முன், நான் சிஏ முடித்து வேலையில் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. தங்கைக்கு காலேஜ் பார்க்கக் கிளம்பினோம். ஒரு காலேஜில் வாசலிலேயே ஆள் வந்து வரவேற்று, ஏசி ஹாலில் உட்கார வைத்து, ஜூஸ் கொடுத்தாங்க. பேட்டரி வண்டியில் வைத்துச் சுற்றிக் காட்டினாங்க.

அப்பா மளிகைக் கடைக்காரர். வரிசையாக நின்ற பஸ்களை எண்ணினார். "நாற்பது பஸ் ஓட்டுறான்னா சின்ன ஆளா இருக்க மாட்டான்" என்றார். அம்மா ஹாஸ்டலுக்குப் போய் பாத்ரூம் குழாயைத் திறந்து பார்த்தாங்க, மெஸ் சாம்பாரை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாங்க. நான்? "100% பிளேஸ்மென்ட்" என்று பெரிய போர்டு இருந்தது. அதைப் பார்த்து தலையாட்டினேன். ஊரார் கம்பெனி கணக்கில் ஒரு வவுச்சர் குறைந்தாலும் கேள்வி கேட்கிற நான், எத்தனை பேரில் 100% என்று கேட்கவே இல்லை.

"இன்னும் பதினோரு சீட்தான் இருக்கு சார்" என்றதும் அப்பா 25,000 ரூபாய் ரொக்கமாகக் கட்டினார். கிடைத்தது ரசீது இல்லை, கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுச் சீட்டு.

வண்டியில் வரும்போதுதான் தங்கை வாயைத் திறந்தாள். "அண்ணா, லேபில் பாதி கம்ப்யூட்டருக்கு மேல கவரே எடுக்கல. தூசி படிஞ்சு கிடக்கு. கேன்டீன்ல ஒரு அக்காகிட்ட கேட்டேன், வாரத்துக்கு ஒரு தடவைதான் லேபாம்." நாங்க நாலு பேரும் ஒரே இடத்தைத்தான் பார்த்தோம். படிக்கப் போகிறவள் மட்டும்தான் படிப்பைப் பார்த்திருக்கிறாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

பிறகு கவுன்சிலிங்கில் வேறு காலேஜ் கிடைத்தது. பணத்தைத் திருப்பி வாங்க அப்பா நாலு தடவை கடையைப் பூட்டிவிட்டு அலைந்தார். 15,000 வந்தது. மீதியைக் கேட்க எங்களிடம் ரசீது இல்லை.

பார்த்ததில் எது எவ்வளவு செல்லும்?

அம்மா பார்த்த தண்ணீரும் பாத்ரூமும் சாதாரண விஷயம் இல்லை. பிள்ளை நாலு வருஷம் அங்கேதான் வாழப்போகுது. அதற்கு முழு மார்க். அப்பா எண்ணிய பஸ், கட்டடம், டைல்ஸ் எல்லாம் கல்லூரியிடம் பணம் இருக்கிறது என்பதைக் காட்டும். பாடம் நடக்கிறதா என்பதைக் காட்டாது. நான் பார்த்த போர்டு விளம்பரம், அவ்வளவுதான்.

அந்த 100% எப்படி வருகிறது என்று ஒரு உதாரணம் பார்க்கலாம். ஒரு பேட்ச்சில் 600 பேர். அரியர் இல்லாமல், 60 சதவீதத்துக்கு மேல் எடுத்து, பிளேஸ்மென்ட்டுக்குத் தகுதி பெற்றவர்கள் 280. பதிவு செய்தவர்கள் 250. வந்த ஆஃபர் 270. ஆனால் ஒரே ஆளுக்கு ரெண்டு, மூன்று ஆஃபர் இருப்பதால் உண்மையில் வேலை கிடைத்தவர்கள் 200. பதிவு செய்த 250 பேருக்கு 270 ஆஃபர், அதனால் போர்டில் 100%. உங்கள் தங்கை சேரப்போவது அந்த 600-ல். அதில் 200 என்றால் மூன்றில் ஒருவர். இங்கே யாரும் பொய்யான எண்ணை எழுதவில்லை. எதால் வகுத்தார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கிளம்பும் முன் வீட்டிலிருந்தே பார்க்க வேண்டியவை

1. என்ஐஆர்எஃப் தரவு. தரவரிசை எண்ணை விடுங்க. அதற்காக ஒவ்வொரு கல்லூரியும் சமர்ப்பித்த விவரம் அந்த இணையதளத்திலேயே இருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு, வேலை கிடைத்தவர்களின் மீடியன் சம்பளம் என்று வருஷ வாரியாகப் போட்டிருப்பார்கள். மீடியன் என்றால் எல்லோர் சம்பளத்தையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பவரின் சம்பளம். போர்டில் போட்டோவோடு இருப்பது முதல் ஆளின் சம்பளம். நீங்கள் கணக்குப் போட வேண்டியது நடு ஆளின் சம்பளத்தை வைத்து. கல்லூரி இதில் கலந்துகொள்ளவே இல்லை என்றால், அதே விவரத்தை நேரில் எழுத்தில் கேளுங்க.

2. தேர்ச்சி விகிதம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கு செமஸ்டர் வாரியாக தேர்ச்சி விகிதம் வெளியாகிறது. ஒன்றைக் கவனிங்க: தன்னாட்சிக் கல்லூரி தன் தேர்வைத் தானே நடத்துகிறது. அதனால் அதன் சதவீதத்தையும், பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் கல்லூரியின் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீங்க.

3. கட்டணம். தமிழ்நாட்டில் தனியார் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்க குழு இருக்கிறது. நன்கொடை வசூலைத் தடை செய்யும் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. ரசீது தராத எந்தப் பணத்தையும் கட்டாதீங்க. ஏஐசிடிஇ விதிப்படி, வகுப்பு தொடங்கும் முன் சீட் வேண்டாம் என்று விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. ஆனால் விதியைக் காட்டிப் பேச உங்கள் கையில் ரசீது இருக்கணும். அப்பாவின் 10,000 போனது அங்கேதான்.

4. கவுன்சிலிங்கை விட்டுவிடாதீங்க. தம்பி அல்லது தங்கை ஆறு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கவுன்சிலிங்குக்கு முன்பே நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டால் அது போச்சு. முதல் பட்டதாரி சலுகையும் கவுன்சிலிங் வழியாகத்தான். ஆனால் நீங்கள் ஏற்கெனவே டிகிரி முடித்திருந்தால் உங்கள் தங்கை முதல் பட்டதாரி இல்லை. பல வீடுகளில் இதைத் தெரியாமல், அந்தச் சலுகையையும் சேர்த்து பட்ஜெட் போட்டுவிடுகிறார்கள்.

நோட்டீஸில் உள்ள தொகையும் உண்மைத் தொகையும்

ஒரு மாதிரிக் கணக்கு. எண்களை உங்கள் காலேஜுக்கு ஏற்ப மாத்திக்கோங்க.

கல்விக் கட்டணம்: 90,000
ஹாஸ்டல், மெஸ்: 85,000
தேர்வுக் கட்டணம், புத்தகம், பிளேஸ்மென்ட் டிரெயினிங், இதர வசூல்: 20,000
ஊருக்கு வந்துபோக, போன், கைச்செலவு: 25,000
ஒரு வருஷத்துக்கு: 2,20,000

நாலு வருஷத்துக்கு 8,80,000. முதல் வருஷம் லேப்டாப் 50,000, டெபாசிட் 10,000. ஆக மொத்தம் 9,40,000. கட்டண உயர்வைக் கணக்கில் எடுக்கவே இல்லை. நோட்டீஸில் இருந்த 90,000-ஐ நாலால் பெருக்கினால் 3,60,000தான் வரும். கேம்பஸ் டூரில் யாரும் சொல்லாத மீதி 5,80,000 ரூபாய். "இதர வசூல்" என்ற வரியில் என்னென்ன இருக்கு என்று அலுவலகத்தில் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கோங்க.

இதில் உங்கள் பங்கு எவ்வளவு?

6 லட்சத்துக்குக் கல்விக் கடன், மீதி 3,40,000 வீட்டுப் பணம் என்று வையுங்க. அந்த 3,40,000 என்பது 48 மாதத்துக்கு மாதம் சுமார் 7,100.

கடன் வருஷத்துக்கு 1.5 லட்சமாக நாலு தவணையில் வருகிறது, வட்டி 10%. படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருஷமும் பொதுவாகத் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் தனி வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து வருஷ முடிவில் வட்டி 2,10,000. கடன் 8,10,000 ஆகிவிடும். அதை ஏழு வருஷத்தில் அடைக்க ஈஎம்ஐ சுமார் 13,450.

இப்போ அந்த மீடியன் சம்பளத்துக்கு வாங்க. வருஷம் 3.6 லட்சம் என்றால் மாதம் 30,000, பிஎஃப் எல்லாம் போக கைக்கு வருவது அதைவிடக் குறைவு. அதில் 13,450 ஈஎம்ஐ கட்டி, வெளியூரில் வாடகை கொடுத்து ஒரு பொண்ணு எப்படி வாழும்?

இங்கேதான் உங்கள் உதவி உண்மையில் பயன்படும். அந்த வட்டியை மட்டும் மாதா மாதம் நீங்கள் கட்டிவிடுங்க. முதல் வருஷம் 1,250, ரெண்டாவது வருஷம் 2,500, மூன்றாவது 3,750, அப்புறம் ரெண்டு வருஷம் 5,000. கடன் 6 லட்சத்திலேயே நிற்கும். ஈஎம்ஐ சுமார் 9,960-க்கு இறங்கும். படிக்கும்போதே வட்டி கட்டினால் வட்டி விகிதத்தில் சலுகை தரும் வங்கிகளும் உண்டு, கேட்டுப் பாருங்க.

செய்யக் கூடாதது: உங்கள் பெயரில் பர்சனல் லோன் போடுவதும், எமர்ஜென்சி ஃபண்டை உடைப்பதும். உங்க வேலை போனால் அவள் படிப்பும் நிற்கும். கல்விக் கடனில் மாணவர் கடன்தாரர், பெற்றோர் இணைக் கடன்தாரர். 7.5 லட்சம் வரை பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பதில்லை. கல்லூரி பிஎம் வித்யாலட்சுமி பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்க. இருந்தால், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3% வட்டி மானியம் பெற வழி இருக்கு. நிர்வாக ஒதுக்கீட்டு சீட் என்றால் கடன் கிடைக்குமா என்று பணம் கட்டும் முன்பே வங்கியில் கேட்டுடுங்க.

வரிச் சலுகை கிடைக்குமா?

நிறைய பேர் ஏமாறும் இடம் இது. 80சி-யில் கல்விக் கட்டணம் உங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும். தம்பி, தங்கைக்குக் கட்டினால் கிடையாது. 80ஈ-யில் கல்விக் கடன் வட்டியும் உங்களுக்கு, வாழ்க்கைத் துணைக்கு, பிள்ளைகளுக்கு, அல்லது நீங்கள் சட்டப்படி கார்டியனாக இருக்கும் மாணவருக்கு மட்டும்தான். அண்ணன் என்ற முறைக்கு இடமில்லை. புதிய வரி முறையில் இருந்தால் இந்த இரண்டுமே இல்லை. இவை 1961 சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் முதலான 2025 சட்டத்தில் எண்கள் வேறு.

தங்கை கடன்தாரராக இருந்தால், நாளைக்கு அவள் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால், அவள் கட்டும் வட்டிக்குக் கழிவு கேட்கலாம். அதுவும் வட்டி கட்டத் தொடங்கும் வருஷத்தையும் சேர்த்து எட்டு வருஷம்தான். ஒரு ஆறுதல்: நீங்கள் அப்பாவுக்கோ தங்கைக்கோ அனுப்பும் பணத்துக்கு அவர்கள் வரி கட்ட வேண்டியதில்லை. அதனால் ரொக்கம் வேண்டாம், வங்கி வழியாகவே அனுப்புங்க.

டூர் அன்னைக்கு நாலே வேலை

வேலை நாளில் போங்க. ஞாயிற்றுக்கிழமை எல்லாக் காலேஜும் அழகாத்தான் இருக்கும்.

கைடு இல்லாமல் கேன்டீனில் அரை மணி நேரம் உட்காருங்க. மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம் "உங்க கிளாஸ்ல எத்தனை பேருக்கு அரியர் இல்லை?" என்று கேளுங்க.

அன்றைக்குப் பணம் கட்டாதீங்க. "இன்னும் பதினோரு சீட்தான்" என்றாலும் சரி. கார்டையும் செக் புக்கையும் வீட்டிலேயே வெச்சுட்டுப் போங்க.

திரும்பி வரும் வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, அப்பா, அம்மா பேசுவதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்க: "நீ என்ன பார்த்தே?" பதில் வரும்வரை காத்திருங்க. எங்க வீட்டில் அந்தக் கேள்வியைக் காலேஜ் வாசலிலேயே கேட்டிருந்தால் அப்பா நாலு நாள் கடையைப் பூட்டியிருக்க வேண்டியதில்லை.

மேலே உள்ள மாதிரிக் கணக்கை இன்னைக்கு ராத்திரியே ஒரு தாளில் எழுதி, அப்பாவோடு உட்கார்ந்து பேசிடுங்க. கார் புக் பண்றது அதுக்கு அப்புறம் இருக்கட்டும்.