நோன்பும் பட்டினியும்

ஆங்கிலத்தில் 'ஃபாஸ்ட்', 'ஸ்டார்வ்' என இரு சொற்கள் உள்ளன. உணவின்றி இருத்தல் இரண்டுக்கும் பொது. ஆயினும் ஒன்று வரவேண்டிய இடத்தில் மற்றொன்றை வைத்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

'ஃபாஸ்ட்' என்பதன் வேர்ப்பொருள் உறுதியாகப் பற்றிநிற்றல். சாயம் போகாத நிறத்தை 'ஃபாஸ்ட் கலர்' என்பதும் அவ்வேரிலிருந்து வந்ததே. காலை உணவு இரவு நோன்பை முடிப்பதால் 'பிரேக்ஃபாஸ்ட்' எனப்பட்டது. தமிழிலும் 'நோன்பு' என்பது பொறுத்தலைக் குறிக்கும் 'நோல்' என்னும் அடியிலிருந்து பிறந்தது. 'நோன்மை' என்றால் வலிமை.

'ஸ்டார்வ்' பழைய ஆங்கிலத்தில் சாதலைக் குறித்தது. அதன் உறவுச்சொல்லாகிய ஜெர்மானிய 'ஷ்டெர்பென்' இன்றும் அப்பொருளே தருகிறது. ஆங்கிலத்தில் அது காலப்போக்கில் பசியால் சாதல், பசியால் வாடுதல் எனச் சுருங்கிற்று.

வழக்கிலும் வேறுபாடு உண்டு. ஒருவர் மற்றொருவரை 'ஸ்டார்வ்' செய்யலாம்; அதாவது பட்டினி போடலாம். பொதுவழக்கில் 'ஃபாஸ்ட்' அவ்வாறு வருவதில்லை. அதனைத் தாமே மேற்கொள்ள வேண்டும். அன்பு கிடைக்காத குழந்தையை 'ஸ்டார்வ்ட் ஆஃப் லவ்' என்பர். பசி மிகும்போது 'ஐ ஆம் ஸ்டார்விங்' என்பது பேச்சு வழக்கின் மிகை. ஏகாதசி விரதமிருப்பவர் கூறவேண்டியது 'ஐ ஆம் ஃபாஸ்டிங்' என்பதே.

இவ்விரு சொற்களின் பொருளையும் விளக்கி நிற்பது புணே நகரின் ஆகாகான் மாளிகை. பஞ்சத்தால் வாடிய சுற்றுப்புற மக்களுக்கு வேலையும் கூலியும் கிடைக்க வேண்டி, மூன்றாம் ஆகாகான் 1892-இல் இதனைக் கட்டுவித்தார் என்பர். 1942 ஆகஸ்டில் காந்தியடிகள் இங்குக் காவலில் வைக்கப்பட்டார். 1943 பிப்ரவரி 10 முதல் மார்ச் 3 வரை, தமது 73-ஆம் வயதில், 21 நாள் உபவாசம் இருந்தார். அது சாகும்வரை இருக்கும் நோன்பு அன்று, தம் ஆற்றலுக்கு உட்பட்டது என முன்னரே அறிவித்திருந்தார். தொடங்கும் நாளும் முடியும் நாளும் அவரே வகுத்தவை. அது 'ஃபாஸ்ட்'.

அதே 1943-இல் வங்காளத்தில் பெரும்பஞ்சம் தலைவிரித்தாடியது. மாண்டோர் தொகை 15 லட்சம் முதல் 30 லட்சம் வரை என மதிப்பிடப்படுகிறது. அரிசியின் விலை ஏழைகளின் கைக்கு எட்டாமல் உயர்ந்தது. அவர்கள் எந்த விரதமும் பூணவில்லை. அவர்தம் பசிக்கு முடிவு நாளும் இல்லை. அது 'ஸ்டார்வ்'.

ஆகவே ஏழையின் பட்டினியைப் பொறுமை என்றோ தவம் என்றோ போற்றுவது சொற்பிழை மட்டுமன்று, அறப்பிழையும் ஆகும். விரத நாளில் மிஞ்சும் ஒரு வேளை உணவு பசித்தவரைச் சென்றடையுமாயின் அவ்விரதம் நிறைவு பெறும். நோன்பு நோற்பவர் தம் பசியைப் பொறுக்கலாம். பிறர் பசியைப் பொறுத்தலாகாது.