வேளாண் கண்காட்சியில் ஒரு நாள்: பயன் பெறுவது எப்படி?



கண்காட்சி என்றதும் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேனைப் பேசிக்கொண்டு, கட்டுச்சோற்றுடன் காலையில் புறப்படுகிறோம். மாலையில் கை நிறைய துண்டுப் பிரசுரங்களோடு வீடு திரும்புகிறோம். மறுநாள் அவை பரணுக்குப் போய்விடுகின்றன. ஒரு நாள் வேலையும், வண்டிச் செலவும் போனதுதான் மிச்சம். இப்படி ஆகாமல் இருக்க வழி என்ன?

2023ஆம் ஆண்டு ஜூலை 27 முதல் மூன்று நாள்கள் திருச்சி கேர் பொறியியல் கல்லூரி வளாகத்தில் தமிழக அரசின் 'வேளாண் சங்கமம்' நடைபெற்றது. மண்ணச்சநல்லூர் உழவர்களுக்கு அது கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டினால் எட்டிவிடும் தூரம். இது போன்ற வாய்ப்பு அடுத்து வரும்போது கீழ்க்கண்டவற்றை மனத்தில் கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வயலில் நெற்பயிர் திட்டுத் திட்டாகக் காய்ந்தது. என் தந்தையார் ஒரு கண்காட்சிக் கடையில், 'எந்த நிலத்துக்கும் ஏற்றது' என்று சொல்லி விற்ற பயிர் ஊக்கியை வாங்கி வந்து தெளித்தார். மேலுரத்துக்கு வைத்திருந்த பணம் முழுவதும் அதில் கரைந்தது. பயிரோ தேறவில்லை. பின்னர் மண்ணைச் சோதித்தபோதுதான் அது களர் நிலம் என்பது தெரிந்தது. விற்றவர் மண்ணைப் பற்றிக் கேட்கவில்லை; நாங்களும் சொல்லவில்லை. சொல்வதற்கு எங்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

புறப்படுமுன்

கண்காட்சிக்குச் சில வாரங்கள் முன்பே மண் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுங்கள். நெல் வயலானால் பத்துப் பதினைந்து இடங்களில் மேலே கிடக்கும் சருகு, புல்லை நீக்கி, ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். குழியின் பக்கச் சுவரிலிருந்து மேல் முதல் கீழ் வரை ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி எடுங்கள். வரப்பு ஓரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம், அண்மையில் உரமிட்ட இடம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்குங்கள். அரை கிலோ மிஞ்சும் வரை இவ்வாறு செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் இடுங்கள். பெயர், சர்வே எண், சாகுபடி செய்யும் பயிர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதிப் பையோடு வைக்க வேண்டும்.

பரிசோதனை முடிவு வந்ததும், உங்களை வாட்டும் ஒரே ஒரு கேள்வியை அதன் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள். 'சென்ற சம்பாவில் என் பொன்னி ஏன் சாய்ந்தது?' என்பது நல்ல கேள்வி. தழைச்சத்தை எப்போது, எவ்வளவு இட்டீர்கள் என்ற விவரமும் கையில் இருந்தால் விடை எளிதில் கிடைக்கும். பொன்னி உயரமாக வளரும் இரகம். தழைச்சத்து மிகுந்தால் எளிதில் சாய்ந்துவிடும்.

கண்காட்சித் திடலில்

விற்பனைக் கடைகளுக்குப் போகுமுன் பல்கலைக்கழக அரங்குக்கும் வேளாண்மைத் துறை அரங்குக்கும் செல்லுங்கள். முடிவைக் காட்டுங்கள். கார அமில நிலை 8.5க்கு மேல் இருந்து களர் என்று உறுதியானால், எந்தப் புட்டி மருந்தும் அதைத் திருத்தாது. மண்ணில் படிந்த சோடியத்தை வெளியேற்ற வேண்டும். ஜிப்சத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தை இடம் பெயர்க்கிறது; தேக்கிய நீரை வடிக்கும்போது அது நீரோடு வெளியேறுகிறது. ஆகவே வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் இட்டும் முழுப் பயன் கிட்டாது. எவ்வளவு ஜிப்சம் தேவை என்பதையும் மண் பரிசோதனையே சொல்லும். அதன் பின் தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுவது மண்ணை மேலும் திருத்தும்.

களர் நிலத்தைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 ஆகிய நெல் இரகங்கள் நாவலூர் குட்டப்பட்டிலிருந்து வந்தவை. அவற்றைப் பற்றியும் கேட்டறியுங்கள்.

விதை வாங்கினால் அட்டையைப் பாருங்கள். சான்று விதைக்கு நீல அட்டை இருக்கும். இரகத்தின் பெயர், குவியல் எண், காலாவதி நாள் ஆகியவற்றைச் சரிபார்த்து, பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் பின்னர் முறையிட இயலாது.

திரும்பிய பின்

கண்டதையெல்லாம் வயல் முழுவதும் செய்துபார்க்க வேண்டாம். ஐந்து சென்டில் புதிய இரகத்தையோ முறையையோ செய்யுங்கள். பக்கத்து ஐந்து சென்டில் வழக்கம்போல் செய்யுங்கள். நடவு நாள், நீர், பராமரிப்பு எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். சோதிக்கும் ஒன்று மட்டுமே மாற வேண்டும். அறுவடையில் தனித்தனியே எடை போடுங்கள். தோற்றாலும் நட்டம் ஐந்து சென்டோடு நிற்கும்.

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில், 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் அவர்கள் நடத்தி வந்த நெல் திருவிழாவில், பாரம்பரிய விதை இரண்டு கிலோ பெற்றுச் செல்பவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தருவது வழக்கம். வாங்கிப் போனவர் அதை விதைத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்பதே அதன் சிறப்பு.

எந்தக் கண்காட்சிக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். எத்தனை அரங்கு பார்த்தோம் என்று எண்ணாதீர்கள். அடுத்த போகத்தில் எந்த ஐந்து சென்டில் என்ன செய்யப் போகிறோம் என்று வேனில் திரும்பும்போதே முடிவு செய்யுங்கள். அந்த முடிவு இருந்தால் அன்றைய செலவு வீண்போகாது.