சல்லேகனையும் தற்கொலைச் சட்டமும்

தன்னுயிரைத் தானே போக்கிக்கொள்ள முயன்றவரைச் சட்டம் தண்டிக்கலாமா? இவ்வினா நம் சமூகத்தாரை 2015 ஆகஸ்டில் நேரே வந்தடைந்தது. இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலையாகக் கருதித் தீர்ப்பளித்தது. அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது.

சல்லேகனை தற்கொலை அன்று என்று அப்போது நாம் உரைத்தோம். உரைத்தது முறையே. நீக்கவொண்ணா இடையூறு, பஞ்சம், மூப்பு, தீராப் பிணி ஆகியவை நேர்ந்தவிடத்து மேற்கொள்ளும் நோன்பு இது என்பார் சமந்தபத்திராசாரியர். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பு நோற்ற சந்திரநந்தி ஆசிரிகரின் நிசீதிகைக் கல்வெட்டை இன்றும் காணலாம். சாவு விரைந்து வர விரும்புவதை இந்நோன்பின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் வைக்கிறது. (வாழ்நாள் நீள விரும்புவதும் அதிசாரமே. இதனை மாணாக்கர் பலர் மறந்துவிடுவர்.)

நோன்பைக் காத்துப் பேசிய நாம், துயரத்தால் உயிரை மாய்க்கத் துணிந்தவரைப் பற்றி அந்நாளில் அதிகம் பேசவில்லை. கஷாய வயப்பட்டுத் தன்னுயிரைக் கொல்வது இம்சை என்பது நம் அறம். ஆயினும் பாவம் வேறு, குற்றம் வேறு. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை விதித்தது. இறந்தவரைச் சட்டம் தொட இயலாது, பிழைத்தவரே குற்றவாளி. இதனினும் பொருந்தாத விதியை நாம் அறியோம். 1994இல் உச்சநீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாதென்றது. 1996இல் ஐவர் அமர்வு மீண்டும் செல்லுமென்றது. 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டமே முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு உள்ளானவராகக் கொண்டு, அவரைப் பேணும் கடமையை அரசின்மேல் வைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 309ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாது தடுக்கவோ வற்புறுத்தவோ தற்கொலைக்கு முயல்வதும், பிறரைத் தற்கொலைக்குத் தூண்டுவதும் மட்டும் இன்றும் குற்றங்கள்.

சட்டம் மாறியும் இல்லங்களில் அச்சம் மாறவில்லை. காவலர் வருவர், பெண்ணுக்கு வரன் அமையாது என்றெண்ணி, உட்கொண்டது இன்னதென்பதை மருத்துவரிடமே மறைக்கின்றனர். உரிய மாற்று மருந்து தரவேண்டிய நேரம் அதனால் வீணாகிறது. மருத்துவமனை காவல்நிலையத்திற்குச் செய்தி அனுப்புவது வழக்கமே. அதற்கஞ்சி உண்மையை மறைத்தல் வேண்டா. மனம் உடைந்தவர் எந்நேரமும் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையினரிடம் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இவ்வெண்ணை வீட்டிலுள்ள இளையோர் கண்ணில் படும் இடத்தில் எழுதி வையுங்கள்.