காப்பீடு செய்யாதவர்கள் இந்த வாரமே அடங்கலைப் பாருங்கள்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. திருவரங்கத்துக்குக் கிழக்கே உத்தமர்சீலி, திருவளர்சோலைப் பக்கத்து வாழைக்காரர்களுக்கு வானமும் கவலை, ஆறும் கவலை. 2022 ஆகஸ்டில் மேட்டூர் உபரிநீர் கொள்ளிடத்தில் பெருக்கெடுத்தபோது, கரையோரத் தோட்டங்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அப்போது வடகிழக்குப் பருவமழைகூடத் தொடங்கவில்லை.

சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுக் கெடு வழக்கமாக நவம்பர் 15. விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு, வாழைக்கு 5 விழுக்காடு வரை. கட்ட முடிந்தவர்கள் கட்டிவிடுவதே நல்லது. கட்டாமல் விட்டவர்கள் "நமக்கு ஒன்றும் வராது" என்று ஒதுங்க வேண்டியதில்லை. பேரிடர் நிவாரணத்துக்கு பாலிசி தேவையில்லை. பயிர் 33 விழுக்காடோ அதற்கு மேலோ சேதமானால் அரசு இடுபொருள் மானியம் தருகிறது. ஃபெஞ்சல் புயலுக்குப் பின், 2024 டிசம்பரில் தமிழக அரசு அறிவித்தது இது: நெல் உள்ளிட்ட இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500, மானாவாரிக்கு 8,500. அதற்கு முன் 2023 பிப்ரவரியில், அறுவடைக்கு நின்ற டெல்டா நெல் மழையில் சாய்ந்தபோது ஹெக்டேருக்கு 20,000 அறிவித்தார்கள்.

ஏக்கர் கணக்கில் 17,000 என்பது ஏழாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு ஏக்கர் வாழைக்குச் செலவு லட்சத்தைத் தாண்டும்போது இது நஷ்ட ஈடே அல்ல, அடுத்த நடவுக்கு ஒரு கைகொடுப்பு. அந்தத் தொகையும் பலருக்குக் கைநழுவுவது காகிதத்தில்தான்.

கணக்கெடுக்க வரும் வருவாய்த் துறையும் வேளாண்மை, தோட்டக்கலைத் துறைகளும் முதலில் பார்ப்பது அடங்கலை. கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் 2-ஆம் எண் கிராமக் கணக்கு அது. இந்தப் பசலிக்கு உங்கள் புல எண், உட்பிரிவு, பயிர், பரப்பு எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று இந்த வாரமே நேரில் பாருங்கள். வயலில் வாழை நிற்க, கணக்கில் போன வருஷ நெல்லே இருந்தால் வெள்ளம் வந்த பிறகு வாதாடிப் பயனில்லை.

குத்தகைக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கோயில், மட நிலங்களில் பயிர் செய்வோர் இந்தப் பக்கம் நிறைய. பட்டா ஒருவர் பெயரில், உழைப்பு இன்னொருவருடையது என்றால் பணம் பட்டாவின் பின்னால் போய்விட வாய்ப்புண்டு. சாகுபடி செய்பவர் பெயர் அடங்கலில் ஏறட்டும். குத்தகை கட்டிய ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி பதிவு இருந்தால் பிடி இன்னும் உறுதி. தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டாவை வைத்துக்கொண்டு பங்காளிகள் பயிர் செய்யும் வீடுகளிலும் இதே சிக்கல்தான்.

வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா? பாஸ்புக்கை ஒருமுறை பதிந்து வாருங்கள்.

பயிர் நன்றாக நிற்கும்போதே இடமும் தேதியும் பதிவாகும்படி செல்போனில் படம் எடுத்து வையுங்கள். சேதம் வந்தால் அன்றே மறுபடி எடுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும், நெல் என்றால் உதவி வேளாண்மை அலுவலருக்கும், வாழை என்றால் தோட்டக்கலை அலுவலருக்கும் எழுத்தில் கொடுங்கள், வாய்ச்சொல் போதாது. வயலில் தேங்கிய தண்ணீரை உடனே வடியுங்கள், அதற்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஆனால் சாய்ந்த வாழையை மட்டும் கணக்கெடுப்பு முடியும் முன் வெட்டி அகற்றிவிடாதீர்கள். அளக்க ஒன்றுமில்லாத நிலத்துக்கு விழுக்காடு போட எந்த அலுவலராலும் முடியாது.

கணக்கெடுத்த பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். விடுபட்டிருந்தால் வட்டாட்சியரிடமோ, திருச்சி ஆட்சியரகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.