நம் வளவில் இளவேனில்



‘வசந்த காலம்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதாத மாணவி நம் பாடசாலைகளில் இருக்கமாட்டாள். மாணவியாக நானும் எழுதியிருக்கிறேன். ஆசிரியையான பிறகு திருத்தியும் இருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், பணியின் தொடக்க நாட்களில், தரம் 10 மாணவியருக்கு இத்தலைப்பைக் கொடுத்தேன். சித்திரை விடுமுறை முடிந்து இரண்டாம் தவணை தொடங்கிய வாரம் அது. ஏறத்தாழ எல்லாக் கொப்பிகளிலும் ஒரே வசந்தம்தான் இருந்தது. சோலைகள் பூத்துக் குலுங்கின, வண்டுகள் ரீங்காரமிட்டன, தென்றல் தவழ்ந்தது. இரண்டு மூன்று பேர் பனியையும் உருக வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் கிழக்குக் கரையோரம். பனிக்கட்டியை நாங்கள் கண்டது மீன் வாடியில் மட்டும்தான்.

ஒரு கொப்பி மட்டும் வேறுமாதிரி இருந்தது. முக்கால் பக்கம்கூட இல்லை. குசினிக்குப் பின்னால் நிற்கும் மாமரத்தில் புது இலைகள் ஈரல் நிறத்தில் வந்திருப்பதாக அவள் எழுதியிருந்தாள். உடுப்புக் காயப்போடும் கொடிக்கம்பத்தில் ஐப்பசி மாதத்திலிருந்து வந்திருந்து கத்தும் குருவி ஒன்று, கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டி கட்டியது போன்ற குருவி, நான்கு நாட்களாக இல்லையாம். அந்தக் குருவி போனால் வாப்பா லீவில் வரும் காலம் என்று உம்மா சொல்வாராம். வாப்பா கட்டாரில் வேலை. கட்டுரையின் கடைசி இரண்டு வசனங்கள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. குருவி போய்விட்டது. வாப்பா இன்னும் வரவில்லை.

நான் சிவப்புப் பேனையால் ‘தலைப்புடன் தொடர்பில்லை’ என்று எழுதி, இருபதுக்கு ஏழு புள்ளி போட்டேன்.

சில ஆண்டுகள் கழித்து ஐங்குறுநூற்றை ஆறுதலாகப் படிக்க வாய்த்தது. அதன் பாலைப் பகுதியைப் பாடியவர் ஓதலாந்தையார். அதில் ‘இளவேனிற் பத்து’ என்று ஒரு பகுதி உண்டு. 341ஆம் பாட்டிலிருந்து 350 வரை. ஒவ்வொன்றும் மூன்றே அடிகள். பொருள் தேடிப் பிரிந்து போனவன் இளவேனிலில் திரும்புவதாகச் சொல்லியிருக்கிறான். பருவம் வந்துவிட்டது, ஆளைக் காணவில்லை. பத்துப் பாட்டிலும் தலைவி இதைத்தான் சொல்கிறாள். ஆனால் பருவம் வந்ததை அவள் எப்படி அறிந்தாள் என்பது பாட்டுக்குப் பாட்டு மாறுகிறது. ஒன்றில் குயில் கூவுகிறது, ஒன்றில் கோங்கின் மொட்டு உடைகிறது, ஒன்றில் குரவம், ஒன்றில் புன்கு, ஒன்றில் மரா. ஒன்பதாம் பாட்டில் மாமரக் கிளையை மறைத்து நெருப்பு நிறத்தில் தளிர் வருகிறது. பத்தாம் பாட்டில் வேப்பம்பூ உதிர்கிறது.

அன்று நான் ஏழு புள்ளி போட்ட கட்டுரை இந்தப் பத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது. புலவர் நெருப்பு என்றார், அவள் ஈரல் என்றாள். குசினி வாசலில் நின்று பார்த்த பிள்ளைக்கு ஈரல்தான் தோன்றும். அது பிழையில்லை. மாந்தளிரில் பச்சையம் நிறையும் முன் அந்தோசயனின் என்னும் செந்நிறப் பொருள் மேலோங்கி நிற்கும். சில நாட்களுக்குச் செம்பும் ஈரலும் கலந்த நிறம், பிறகு மெல்லப் பச்சை. அந்தச் சில நாட்களுக்குள் பார்த்தவர்தான் அதை எழுதமுடியும்.

அவளுடைய கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாப்பா எப்போது வந்தார் என்று கேட்கவுமில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான். நமக்கு வசந்தமே இல்லை, அது வெளிநாட்டுக் காலம் என்று சிலர் சொல்வார்கள். அப்படியல்ல. தமிழ் மரபு ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஏப்ரல் நடுப்பகுதியில் தொடங்கும் அந்தப் பருவத்தின் அடையாளங்கள் தை, மாசியிலேயே தலைகாட்டத் தொடங்கிவிடும்.

நம் ஹிஜ்ரி மாதப் பெயரிலும் வசந்தம் இருக்கிறது என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பீர்கள்? ரபீஉல் அவ்வல், ரபீஉல் ஆகிர் ஆகியவற்றில் வரும் ‘ரபீஉ’ என்ற அறபுச் சொல்லுக்கு வசந்தம் என்று பொருள். ஆனால் ஹிஜ்ரி ஆண்டு பிறைக் கணக்கில் ஓடுவதால், சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது. ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஒவ்வொரு மாதமும் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். 2024இலும் 2025இலும் ரபீஉல் அவ்வல் செப்டெம்பர் மாதத்தைத் தொட்டு வந்தது. ஆகவே பூவையும் பறவையையும் பதிவதற்குப் பிறைக் கணக்கு உதவாது, ஆங்கிலத் திகதியோ தமிழ் மாதமோதான் வேண்டும்.

இனி வளவுக்குள் இறங்குவோம். முதலில் எதை நம்பக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். செவ்வரத்தை, நந்தியாவட்டை, பூவரசு ஆகியவற்றை வைத்துப் பருவம் சொல்லாதீர்கள். இவை ஆண்டு முழுவதும் பூப்பவை. தேன்சிட்டும் அப்படித்தான். சிலந்தி நூலும் மரப்பட்டைத் துணுக்கும் சேர்த்து அது தொங்கவிடும் கூட்டை ஆண்டின் பல மாதங்களில் காணலாம்.

நம்பத்தக்கவற்றுள் முதலாவது மாமரம். நம் கரையில் மழை கொண்டுவருவது வடகீழ்ப் பருவக்காற்று. மழை தளர்ந்து, இரவு குளிர்ந்து, பகல் காயத் தொடங்கும்போது மரத்துக்குள் மாற்றம் நிகழ்கிறது. குளிர் நாடுகளில் பகல் நீளுவதுதான் தாவரங்களுக்கும் பறவைகளுக்கும் பெரிய அறிவிப்பு. இலங்கையிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணித்தியால வித்தியாசம்தான். அதனால் இங்கே நம் மரங்களுக்கு மழை நிற்பதும் மண் காய்வதும் பெரிய செய்திகள். மழை இழுபட்ட ஆண்டில் மாம்பூ பிந்துவதையும், பூத்தபின் மழை பெய்தால் பூ கருகி உதிர்வதையும் உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேளுங்கள். மரமுந்திரிகையும் இக்காலத்தில்தான் பூக்கும். அதன் பூ சிறியது, கண்ணுக்கு முன் மூக்குக்குத் தெரியும்.

அடுத்தது முள்முருக்கு. சிங்களத்தில் எரபது. மாசி, பங்குனியில் இலையெல்லாம் உதிர்த்து வெறுங் கிளையாக நின்று, நுனியில் மட்டும் செக்கச்செவேலென்று பூக்கும். மைனா, கொண்டைக்குருவி, காகம், தேன்சிட்டு எல்லாம் ஒரே கிளையில் சண்டையிட்டுத் தேன் குடிப்பதைக் காண வேறெங்கும் போகவேண்டியதில்லை. ஆனால் முருக்கம் வேலிகள் இருந்த இடங்களில் இப்போது மதில்கள் நிற்கின்றன. என் உம்மம்மாவின் வளவைச் சுற்றி நின்ற முருக்குகளில் இன்று ஒன்றும் இல்லை. மதில் கட்டியது நான்தான், வேறு யாரையும் குறை சொல்லவில்லை.

குயிலைப் பற்றி ஒரு திருத்தம். சித்திரை நெருங்கியதும் ‘குயில் வந்துவிட்டது’ என்கிறோம். அது எங்கும் போகவில்லை. ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் பறவை அது. மற்ற மாதங்களில் இலைகளுக்குள் ஒதுங்கிப் பழம் தின்றுகொண்டு பெரும்பாலும் பேசாமல் இருக்கும். இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போதுதான் ஆண் குயில் குரலை உயர்த்தி உயர்த்திக் கூவும். சிங்கள மக்கள் அந்தக் குரலைப் புத்தாண்டின் அழைப்பாகவே கேட்கிறார்கள். ஆண் முழுக் கறுப்பு. பெண் பழுப்பில் வெண்புள்ளிகள் கொண்டது, அதன் குரல் விரைவான ‘கிக் கிக் கிக்’. இளவேனிற் பத்தின் முதற்பாட்டு இனிய குரலைப் பெண் குயிலுக்கே கொடுக்கிறது. ஆறாம் பாட்டோ குயிலின் செங்கண்ணையும் கரிய நிறத்தையும் சொல்கிறது. குயிலின் கண் சிவப்பு என்பதை அறிய அதற்கு எவ்வளவு கிட்டப் போகவேண்டும் என்று முயன்று பாருங்கள். காதால் கேட்டதில் தவறிய மரபு, கண்ணால் கண்டதில் தவறவில்லை.

குயில் கூவுவதோடு காகத்தையும் பாருங்கள். சுள்ளியும் கம்பித் துண்டும் அலகில் தூக்கிக்கொண்டு காகம் ஒரே திசையில் பறந்தால் கூடு கட்டுகிறது. குயில் கூடு கட்டாது, காகத்தின் கூட்டில்தான் முட்டையிடும். காகத்தின் நாட்காட்டியைக் குயில் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம்.

2024இலும் 2025இலும் ரமழானின் பெரும்பகுதி மார்ச் மாதத்தில் வந்ததால், ஸஹருக்கு எழும்பிய நமக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. ஸுபஹுப் பாங்கை ஒட்டி, இருள் விலகும் முன்பே, கூரை முகட்டிலோ மின்கம்பியிலோ இருந்து நீளமாக, ஒவ்வொரு முறையும் சற்று மாற்றிப் பாடும் குரலைக் கேட்டிருப்பீர்கள். அது குண்டுக்கரிச்சான். கறுப்பும் வெள்ளையுமாய், வாலை நிமிர்த்திக்கொண்டு பகலில் கிணற்றடியில் பூச்சி பொறுக்குவதும் அதுவே. அதன் விடியற்காலைப் பாட்டு நீளத் தொடங்கினால் கூடு கட்டும் காலம் கிட்டிவிட்டது. சுவர்ப் பொந்தில், மரப் பொந்தில், சில வேளை பழைய தபால் பெட்டியிலும் கட்டும்.

இதுவரை சொன்னவை தோன்றும் அடையாளங்கள். நம் நாட்டு இளவேனிலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு, பாடநூல் வசந்தத்தில் அது கிடையாது. வடக்கே வசந்தம் என்றால் பறவைகள் வந்து சேரும் காலம். அவை எங்கிருந்து வருகின்றன? ஒரு பகுதி நம்மிடமிருந்துதான். அங்கே வரவு என்றால் இங்கே புறப்பாடு.

அந்தக் கொடிக்கம்பத்துக் குருவியின் பெயரைப் பின்னர் நூல்களில் தேடி அறிந்தேன். பழுப்புக் கீச்சான். சைபீரியா, மங்கோலியாப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டெம்பர், ஒக்டோபரில் இங்கே வந்து, ஒரு வளவைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு, மற்றக் கீச்சான்களைக் கத்தித் துரத்திக்கொண்டிருக்கும். ஏப்ரலில் போய்விடும். ஆறுமணிக்குருவியும் இப்படித்தான். காலையும் மாலையும் மங்கல் வெளிச்சத்தில் இரண்டு சீழ்க்கையாய்க் கூப்பிடுவதால் அந்தப் பெயர். பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் குட்டை வாலுமாய், உதிர்ந்த இலைகளைப் புரட்டி இரை தேடும். அது இந்தியாவுக்குத் திரும்பி மழைக்காலத்தில் அங்கே கூடு கட்டும். பெரும்போக அறுவடை வயல்களின் மேலே கம்பிகளில் வரிசையாக இருந்த தகைவிலான்களும் ஒருநாள் இருக்கமாட்டா.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வளவு முழுவதையும் தினமும் கூட்டிப் பெருக்கி எரிக்காமல், ஒரு மூலையில் மட்டும் சருகைக் கிடக்க விடுங்கள். ஆறுமணிக்குருவிக்கு அது போதும்.

சரி, இவற்றை எப்படிப் பதிவது? ஒரு சின்னக் கொப்பி போதும். திகதி, நேரம், இடம், மழையா வெயிலா, கண்டது அல்லது கேட்டது. ‘அழகாகக் கூவியது’ என்று எழுதவேண்டாம். எத்தனை முறை கூவியது என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பெயர் வேண்டாம், நிறமும் வாலும் போதும். அந்தப் பிள்ளைக்கும் கீச்சான் என்ற பெயர் தெரிந்திருக்கவில்லை. ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டி, முற்றத்தில் ஒரு தடியை நேராக நட்டு, நண்பகல் 12 மணி சிறிது தாண்டியதும் பாருங்கள். சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாட்களில் நிழல் தடியின் அடிக்குள் ஒடுங்கிவிடும். அந்த நாளையும் குறியுங்கள்.

ஆனால் ஒரு சிரமம் உண்டு. ஆண்டின் முதற் குயிலை ஒரே நாளில் எழுதிவிடலாம். கேட்டோம், எழுதினோம், முடிந்தது. கடைசிக் கீச்சானை அப்படி எழுதமுடியாது. அதைக் கண்ட நாளில் அதுதான் கடைசி நாள் என்று நமக்குத் தெரியாது. நேற்று இருந்தது, இன்று காணவில்லை, நாளை வரவும் கூடும். தினமும் ‘உண்டு’, ‘உண்டு’ என்று எழுதி வந்தவருக்கு மட்டுமே, ஒரு கிழமை கழித்து, எந்த நாளோடு அது நின்றது என்று பின்னோக்கிப் பார்த்துச் சொல்லமுடியும். நான்கு நாட்களாக இல்லை என்று அவள் எண்ணிச் சொன்னது அப்படி வந்ததுதான்.

கொடிக்கம்பம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. குசினிச் சுவரிலுள்ள கலண்டரில் ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் பென்சிலால் ஒரு சிறு கோடு போடுகிறேன். குருவியைக் காணாத நாளில் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவேன். போன ஆண்டு ஒரு வெறுங்கட்டத்துக்குப் பிறகு மறுநாள் காலை அது மீண்டும் வந்து கத்தியது. அதன் பிறகு இன்னும் இரண்டு கோடுகள்.